குமான் கிராமத்து நாமதேவர் தலம்: ஒரு வரலாற்று நோக்கு

பியாஸ் நதிக்கும் ராவி நதிக்கும் இடைப்பட்ட சமவெளியைப் பஞ்சாபியர் மாஜா என்று வழங்குவர். சீக்கிய வரலாற்றின் பெரும் நிகழ்ச்சிகள் பல இந்நிலத்திலேயே நிகழ்ந்தன. அமிர்தசரசின் பொற்கோயிலும், குரு அமர்தாசர் வாழ்ந்த கோயிந்தவாலும், குரு அங்கதர் வாழ்ந்த கதூரும் இப்பகுதிக்குரியனவே. இத்தலங்களை நாடிச் செல்லும் யாத்திரிகர் கூட்டம் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. ஆனால் பட்டாலா நகரிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் பாதையில், ஸ்ரீ ஹர்கோவிந்தபுரத்தை அடைவதற்குச் சுமார் 10 கிலோமீற்றர் முன்னதாக, குர்தாஸ்பூர் மாவட்டத்தில் அமைந்துள்ள குமான் என்ற கிராமத்திற்கு அத்தகைய ஆரவாரம் வாய்க்கவில்லை. கோதுமை வயல்களும் கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர் அது. தை மாதத்தில் அங்கு செல்பவர் காலைப் பனிமூட்டத்தினூடே கடுகுப் பூக்களின் மஞ்சள் நிறத்தையே முதலிற் காண்பர். தலத்தின் கோபுரக்குமிழ் கண்ணிற்படுவது பின்னரே.

தலத்தினுள் நுழையும் முறை மற்றெந்தக் குருத்வாராவிலும் உள்ளதே. பாதணிகளைக் களைந்து, கால்களைக் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உட்செல்லல் வேண்டும். குரு கிரந்த சாகிபை வணங்கியபின் கோதுமை மா, நெய், சர்க்கரை சேர்த்துக் கிண்டிய கடாப் பிரசாதம் கையில் இடப்படும். பின்னர் லங்கர் எனப்படும் பொது அடுக்களையில் எல்லோரும் தரையில் வரிசையாக அமர்ந்து உண்பர். சாதியும் சமயமும் அங்கு வினவப்படுவதில்லை. இவையனைத்தும் சீக்கிய மரபுக்கு இயல்பானவை. வியப்புக்குரியது யாதெனில், இத்தலம் நினைவுகூரும் பெரியார் பத்துக் குருமாருள் ஒருவரல்லர் என்பதும், பஞ்சாபியரே அல்லர் என்பதுமாகும். குரு நானக்கர் பிறப்பதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னர் மராட்டிய நாட்டிலே தையற்காரர் குடியிற் பிறந்தவராகக் கூறப்படும் நாமதேவரே அவர். தம் வாழ்வின் இறுதிப் பதினெட்டு ஆண்டுகளளவில் அவர் குமானிலே தங்கியிருந்தார் என்றும், அங்கேயே உடல் நீத்தார் என்றும் பஞ்சாபிய மரபு உறுதியாகக் கூறுகின்றது. மராட்டியர் இதனை முழுமையாக ஏற்பதில்லை. பண்டரிபுரத்திலே விட்டலர் கோயிலின் வாயிற்படியே அவரது சமாதி என்பது அவர்கள் கொள்கை.

ஒரு மனிதருக்கு இரு சமாதிகள் இருப்பது பக்தி இயக்க வரலாற்றிற் புதுமையன்று. ஆயின் இவ்விரு சமாதிகளுக்குமிடையே ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரமும், இரு மொழிகளும், இரு சமயக் கட்டமைப்புகளும் கிடக்கின்றன. இவற்றுள் எது மெய், எது பொய் என்று தீர்ப்பளிக்கும் ஆவலே ஆராய்ச்சியாளர் பலருக்கு முதலில் எழுவதாகும். அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. ஆனால் அதனோடு நின்றுவிடுதலும் போதாது.

நாமதேவரின் காலம் பொதுவாக 1270 முதல் 1350 வரை எனக் கொள்ளப்படுகின்றது. தந்தை தாமாசேட்டி, தாய் கோணாபாய். பிறந்த ஊர் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும், இன்றைய ஹிங்கோலி மாவட்டத்திலுள்ள நர்சி என்ற ஊரையே பலர் சுட்டுவர். பகவத்கீதைக்கு மராட்டியில் பேருரை செய்த ஞானதேவரோடு அவர் தீர்த்த யாத்திரை சென்றார் என்பதும், 1296இல் ஆளந்தியில் ஞானதேவர் சமாதியடைந்தபின் அவரது கீர்த்தனங்களே வார்க்கரி அடியார் மரபைப் பரப்பின என்பதும் மராட்டிய மரபின் கூற்று. வார்க்கரியருக்கு நாமதேவர் நூலாசிரியர் மட்டுமல்லர். கூட்டத்தின் நடுவே நின்று பாடி, பொருள் கூறி, கேட்போரையும் பாடச் செய்யும் கீர்த்தனக் கலையின் முதல்வராகவும் அவர் போற்றப்படுகின்றார். அடியார்களின் பாதத்தூளி தம்மீது படவேண்டும் என்று விரும்பியே அவர் கோயிற் படியைத் தம் சமாதியாகக் கொண்டார் என்பர்.

பஞ்சாபிலே நாமதேவருக்குள்ள இடமோ நூலால் உறுதி செய்யப்பட்டது. 1604இல் ஐந்தாம் குருவாகிய அர்ஜுனர், பாய் குர்தாசரைக் கொண்டு ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபொழுது, குருமாரின் பாடல்களோடு அடியார் பலரின் பாடல்களையும் சேர்த்தார். கபீர், ரவிதாசர், சூபி ஞானியாகிய ஷேக் பரீத் ஆகியோருடன் நாமதேவரும் அவ்வரிசையில் இடம்பெற்றார். 61 பாடல்கள் 18 இராகங்களில் அவர் பெயரில் உள்ளன. அடியார்களுள் கபீரை அடுத்து மிகுதியான இடம் பெற்றோருள் அவர் ஒருவர். அர்ஜுனருக்கு முன்னரே, கோயிந்தவால் ஏடுகள் எனப்படும் 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தொகுப்பிலும் நாமதேவர் பாடல்கள் காணப்படுகின்றன. அப்பாடல்களின் மொழி ஆராய்வுக்குரியது. அடிப்படையில் அது பழைய இந்தி. ஆனால் சில பாடல்களில் மராட்டிக்குரிய வேற்றுமையுருபுகளும் வினைவடிவங்களும் எஞ்சியுள்ளன. வேறொரு பாடல் பாரசீகச் சொற்கள் நிறைந்ததாய், தில்லி ஆட்சியின் வாடை வீசுவதாய் அமைந்துள்ளது. ஒரே பெயரின்கீழ் மராட்டியும் இந்தியும் பாரசீகமும் கலந்து நிற்கும் இந்நிலை, பல நாடு திரிந்த ஒருவரின் வாக்கெனக் கொள்ளவும் இடந்தருகின்றது. பல நாடுகளிற் பலர் பாடிப் பாடி மாற்றிய வாக்கெனக் கொள்ளவும் இடந்தருகின்றது. இவ்விரண்டனுள் ஒன்றையே தெரிவு செய்யவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இங்குக் கவனிக்கற்பாலதொரு மௌனம் உண்டு. ஆதி கிரந்தத்திலுள்ள நாமதேவர் பாடல்களில் குமான் என்ற பெயர் வருவதில்லை. பாய் குர்தாசர் தம் வார் பாடல்களுள் பத்தாவதில் நாமதேவரின் அற்புதங்களைப் பாடுகின்றார். சாதி காரணமாக வெளியேற்றப்பட்ட நாமதேவரை நோக்கிக் கோயில் திரும்பிய கதையும், சுல்தானின் கட்டளைக்கிணங்க இறந்த பசு உயிர்பெற்ற கதையும் அங்கு உள. குமானோ அங்கும் இல்லை. பாய் குர்தாசர் அப்பகுதியையும் அதன் மக்களையும் நன்கறிந்தவர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் குமான் பெரும் புகழ்பெற்ற தலமாக இருந்திருப்பின் அவர் அதனைக் குறியாது விட்டிருப்பாரா என்ற வினா எழுவது இயல்பே. மராட்டிய மரபின் பழைய நூல்களும் இப்பஞ்சாபிய வாழ்வைப் பற்றிப் பேசுவதில்லை. மறைவு நாள் பற்றியும் ஒருமைப்பாடில்லை. 1350 என்ற ஆண்டை இரு மரபுகளும் கூறுகின்றன; ஆனால் மராட்டியர் ஆஷாட மாதத்துத் தேய்பிறைத் திரயோதசியைக் கொண்டாட, குமானிலோ மாக மாதம் இரண்டாம் நாள், அதாவது ஜனவரி நடுப்பகுதியில், பெருவிழா எடுக்கப்படுகின்றது. ஆண்டு ஒன்றாகவும் மாதம் வேறாகவும் இருப்பதை நோக்குமிடத்து, ஆண்டுக் கணக்கு நூல்வழியாகப் பிற்காலத்தில் ஒத்துப்போயிருத்தல் கூடும் என்றும், விழா நாளோ ஊரின் பழைய வழக்காக நின்றிருத்தல் கூடும் என்றும் ஊகிக்கலாம்.

நாமதேவர் பஞ்சாபுக்குச் சென்றிருத்தல் இயலாதோ எனின், இயலும். தேவகிரியை ஆண்ட யாதவர் அரசு 1296இல் அலாவுதீன் கில்ஜியின் தாக்குதலால் ஆட்டங்கண்டு, சில பத்தாண்டுகளுள் தில்லியோடு இணைக்கப்பட்டது. 1327 அளவில் முகம்மது பின் துக்ளக் தேவகிரியைத் தௌலதாபாத் எனப் பெயரிட்டுத் தன் தலைநகராக்கினான். தில்லிக்கும் தௌலதாபாத்துக்குமிடையே மரங்கள் நிழல்தர நாற்பது நாட் பயணத்திற்குரிய நெடுஞ்சாலை இருந்ததை இபன் பதூதா எழுதியுள்ளார். படையினரும் வணிகரும் கைவினைஞரும் துறவியரும் அச்சாலையிற் சென்றனர். அறுபது வயதை எட்டிய ஒரு பாடகர் அவர்களோடு வடக்கே சென்றிருப்பின் அதில் வியப்பொன்றுமில்லை. எனினும் வழி இருந்தது என்பது ஒருவர் அவ்வழியே சென்றார் என்பதற்குச் சான்றாகாது. குமான் பற்றி எழுதியோர் சிலர் இவ்வேறுபாட்டை மறந்துவிட்டமை வருந்தத்தக்கது.

மற்றொரு சாராரின் வாதம் நாமதேவரின் ஒருமையையே ஐயுறுவதாகும். நாமதேவர் பெயரில் வழங்கும் மராட்டி அபங்கங்களின் நடை ஞானேசுவரியின் நடையினும் பிற்பட்டதாயிருத்தலை இராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் சுட்டிக்காட்டி, அவர் காலத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்தள்ளலாம் எனக் கருதினார். 16ஆம் நூற்றாண்டில் விஷ்ணுதாச நாமா என்ற வேறொரு புலவரும் இருந்தார். அவர் பாடல்களும் முன்னவர் பாடல்களோடு கலந்துவிட்டன. ஆகவே பஞ்சாபிய நாமதேவர் வேறொருவரோ என்று வினவியோர் உளர். 2008இல் வெளிவந்த தம் நூலிற் கிறிஸ்டியன் நொவெட்ஸ்கி இச்சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகினார். நாமதேவர் என்ற பெயர் ஒரு தனிமனிதரின் உடைமையாக மட்டும் நிற்காது, பாடுவோரும் கேட்போரும் வழிவழியாகக் காத்த ஒரு கூட்டு நினைவின் பெயராகவும் வளர்ந்தது என்பது அவர் ஆய்வின் சாரம். இக்கருத்தை ஏற்குமிடத்து வினா மாறுகின்றது. நாமதேவர் குமானில் இறந்தாரா என்பதன் இடத்தில், குமானில் அவரை விடாது பற்றிக்கொண்டவர் யாவர், ஏன் பற்றிக்கொண்டனர் என்ற வினா எழுகின்றது. இதற்குச் சான்றுகள் ஓரளவு தெளிவாகவே கிடைக்கின்றன.

மராட்டியில் நாமதேவர் ஷிம்பி, அதாவது தையற்காரர். வடநாட்டு மரபிலோ அவர் சீபா அல்லது சீம்பா. துணியில் அச்சுப்பதித்துச் சாயமிடுபவர். மூன்றாம் குருவாகிய அமர்தாசர் ஒரு பாடலில் நாமதேவரைச் சீம்பா என்றும் கபீரை நெசவாளர் என்றும் பெயர்சுட்டிக் கூறுகின்றார். அவர் வாழ்ந்த கோயிந்தவால், பியாஸ் நதியோடு தெற்கே சென்றால் அதே கரையிலுள்ள ஊர். கபீரின் பெயரில் கிரந்தத்திலுள்ள ஈரடிப் பாடல்களிலும் ஓர் உரையாடல் உண்டு. இறைவனை நினையாமல் இத்துணி அச்சடிக்கும் தொழிலில் ஏன் உழல்கின்றாய் என்று திரிலோசனர் வினவ, கையுங் காலும் தொழிலில் ஈடுபட்டிருப்பினும் மனம் இறைவனிடத்தே உள்ளது என்ற பொருளில் நாமதேவர் விடையிறுக்கின்றார். துறவை மேலாகக் கொண்ட மரபுக்கு உழைப்பாளி ஒருவன் அளிக்கும் மறுமொழி இது. உழைத்து உண், பகிர்ந்து உண் என்ற சீக்கிய ஒழுக்கத்திற்கு இதனினும் பொருத்தமான முன்னோடியைக் காண்டல் அரிது. தையலும் சாயமும் அச்சும் அண்ணிய தொழில்கள். ஒரு நாட்டில் தையற்காரராயிருந்தவர் மற்றொரு நாட்டில் அச்சுக்காரராக நினைக்கப்பட்டமைக்குக் காரணம், அவரை நினைத்தவர்களின் தொழிலேயாகும். பஞ்சாபின் சீம்பா மக்கள் அவரைத் தம் முன்னோராகவே கொண்டனர். இராஜஸ்தானத்துச் சீபாக்களும் அவ்வாறே. 1891ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது நாமதேவரைப் பின்பற்றுவோராகத் தம்மைக் கூறிக்கொண்டவருள் இந்துக்களும் சீக்கியரும் இருந்தனர் என்பது, சமய எல்லைக் கோடுகளுக்குக் குறுக்கே இந்நினைவு ஓடியமையைக் காட்டுகின்றது. குமான் தலத்தின் பழைய பராமரிப்பாளராகிய பாவாக்கள் நாமதேவரின் சீடர் போகர்தாசரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வர்.

கட்டடத்தின் வரலாறு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவடைகின்றது. முகலாய ஆட்சி தளர்ந்து, அப்தாலியின் படையெடுப்புகள் ஓய்ந்தபின், பஞ்சாப் மிசில்கள் எனப்படும் சீக்கியப் படைக் குழுக்களிடையே பங்கிடப்பட்டது. பட்டாலாவையும் ஸ்ரீ ஹர்கோவிந்தபுரத்தையும் சூழ்ந்த நாடு ஜஸ்ஸா சிங் ராம்கடியாவின் (1723 முதல் 1803 வரை) கையில் இருந்தது. குமானின் ஆலயத்தைக் கட்டியவர் அவரே என்பர். இதனருகேயுள்ள திருக்குளத்தைச் செப்பனிட்டவர் கன்ஹையா மிசிலின் தலைவியாகிய ராணி சதா கௌர். இவ்விரு பெயர்களும் ஒரே தலத்தின் புரவலராக அருகருகே எழுதப்படுவதைக் காண்போர் பலர் அவற்றிடையே கிடக்கும் பகையை நினைப்பதில்லை. 1770களில் கன்ஹையாக்களும் பிறரும் ஒன்றுசேர்ந்து ராம்கடியாவைப் பஞ்சாபிலிருந்தே துரத்தினர். அவர் ஹிஸார்ப் பாலைநிலத்திற் பதுங்கி வாழ்ந்தார். 1780களில் அவர் மீண்டுவந்து, சுக்கர்சக்கியாக்களோடும் காங்கடா அரசன் சன்சார் சந்தோடும் கைகோத்துக் கன்ஹையாக்களை எதிர்த்தார். 1785இல் பட்டாலாவுக்கு அருகே நிகழ்ந்த போரில் கன்ஹையாத் தலைவரின் மகன் குர்பக்ஷ் சிங் கொல்லப்பட்டார். அவரே சதா கௌரின் கணவர்.

இளம் வயதிலே கைம்பெண்ணாகிய சதா கௌர், பகைவர் கூட்டணியிலிருந்த சுக்கர்சக்கியாக் குடும்பத்தின் சிறுவனுக்கே தம் ஒரே மகளை மணமுடித்துக் கொடுத்தார். அச்சிறுவனே பிற்காலத்துப் பஞ்சாபின் பேரரசனாகிய மகாராஜா ரஞ்சித் சிங். 1799இல் அவன் லாகூரைக் கைப்பற்றியபொழுது மாமியாரின் படைகள் உடனிருந்தன. அத்தகைய அரசியல் மதிநுட்பமும் படைத்திறனும் வாய்ந்த பெண்மணி, தம் கணவரின் சாவுக்குக் காரணமானோருள் ஒருவர் எழுப்பிய ஆலயத்தை இடித்துத் தம் பெயரால் புதிது கட்டவில்லை. அதன் குளத்தைத் திருத்தினார். இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் விளக்கிவிடுதல் எளிது. ஆனால் மிசில் தலைவர் மாறினும் குமானுக்கு வருவோர் மாறவில்லை என்பதை அவர் அறிந்திருப்பார். நிலத்தை ஆள விரும்பியோர் அந்நிலத்துக் கைவினைஞரும் குடியானவரும் வணங்கிய இடத்தைப் புறக்கணித்தல் இயலாதிருந்தது. ராம்கடியாவும் தச்சர் குடியில் தோன்றியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவரது மிசிலின் பெயரே பின்னர்ச் சீக்கியத் தச்சர், கொல்லர் சமூகத்தின் பெயராயிற்று. தச்சர் குடித் தலைவர் ஒருவர் தையற்காரர் குடி ஞானிக்குக் கோயில் எடுத்ததில், தன் இனத்தவரின் உழைப்புக்கு ஒரு மதிப்பைத் தேடியதன் சாயல் உண்டெனக் கூறின் அது மிகையாகாது. நிறுவத்தக்க ஆவணம் இல்லாவிடினும், அக்காலத்துச் சாதி நிலையை அறிந்தோர் இவ்வூகத்தை எளிதில் ஒதுக்கமாட்டார்.

ஆங்கிலேயர் காலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1909இல் ஆறு தொகுதிகளாக வெளிவந்த மெக்காலிப்பின் சீக்கிய சமய நூல், அதன் இறுதித் தொகுதியில் நாமதேவரின் வரலாற்றையும் பாடல்களையும் ஆங்கிலத்தில் தந்தது. குமான் பற்றிய செய்தி பஞ்சாபுக்கு வெளியே பரவ அது உதவிற்று.

1947ஆம் ஆண்டோ இத்தலத்தின் இருப்பையே அசைத்த ஆண்டு. குர்தாஸ்பூர் மாவட்டத்தில் முஸ்லிம்கள் சிறு பெரும்பான்மையினராக இருந்தமையால், இந்திய சுதந்திரச் சட்டத்தின் தற்காலிகப் பட்டியலில் அம்மாவட்டம் மேற்குப் பஞ்சாபுக்குரியதாகவே காட்டப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 15 கடந்தும் எல்லை யாதென மக்கள் அறியார். 17ஆந் திகதி ராட்கிளிப்பின் தீர்ப்பு வெளியாயிற்று. ராவிக்கு அப்பாலுள்ள ஷகர்கட் வட்டம் பாகிஸ்தானுக்குச் செல்ல, பட்டாலா வட்டம் உள்ளிட்ட ஏனைய மூன்றும் இந்தியாவுக்குக் கிடைத்தன. குமானும் அவ்வாறே இப்பக்கம் நின்றது. அதே காலத்தில் குரு நானக்கர் உழுது பயிரிட்டு வாழ்ந்து 1539இல் மறைந்த கர்தார்பூர், ராவியின் மறுகரையில் எல்லைக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டது. 2019 நவம்பரில் யாத்திரிகர்க்கெனத் தனி வழி திறக்கப்படும் வரை இக்கரையிலிருந்தோர் பெரும்பாலும் தொலைவிலிருந்தே அதனை நோக்கி வணங்கினர். குமானின் முஸ்லிம் அயலவரோ அவ்வாண்டிலே மேற்கே பெயர்ந்தனர். அவர்களுள்ளும் துணித்தொழில் செய்தோர் இருந்திருப்பர். நாமதேவரின் பாடல்களில் இராமனும் ரகீமும் அருகருகே நின்ற நிலத்தில், ஒரு மழைக்காலத்திற்குள்ளேயே மக்கள் அவ்வாறு பிரிக்கப்பட்டனர்.

அதற்குப் பின்னர் மராட்டியர் குமானை நோக்கித் திரும்பியமை அண்மைக்கால நிகழ்ச்சி. அகில பாரத மராட்டி இலக்கிய மாநாட்டின் 88ஆவது கூட்டம் 2015 ஏப்ரலில், மராட்டி பேசுவோர் வாழாத இச்சிற்றூரில் நடைபெற்றது. துக்காராம் மரபின் ஆய்வாளராகிய சதானந்த மோரே தலைமை வகித்தார். நாமதேவரின் சமாதி பண்டரிபுரத்திலேயே உள்ளது என்று கருதியோரும் அங்கு வந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எந்தச் சமாதி மெய் என்ற வினா அங்குத் தீர்க்கப்படவுமில்லை. அதைத் தீர்ப்பதற்காக அவர்கள் கூடவுமில்லை.

நாமதேவர் பிறந்ததாகக் கூறப்படும் நர்சி உள்ள ஹிங்கோலி மாவட்டத்தை அடுத்திருப்பது நாந்தேட் மாவட்டம். பத்தாம் குருவாகிய கோவிந்த சிங் 1708இல் கோதாவரிக் கரையில் உயிர்நீத்தது அந்நாந்தேட்டிலேதான். பஞ்சாபிலிருந்து அங்கு செல்லும் சீக்கிய யாத்திரிகருட் சிலர் இன்று நர்சிக்கும் சென்று திரும்புகின்றனர்.